சிவப்புக் கோட்டும் முதல் பந்தியும்

என் அக்காவுக்குக் கூரியர்க்காரர்கள் மேல் நம்பிக்கை இல்லை. என் மேல் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. ஆனால் நான் வேலை பார்த்த கிடங்கில் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் சேர்த்துக் குறைத்துவிட்டார்கள். சும்மா இருக்கும் ஆண்பிள்ளையைக் கண்டால் எந்தக் கல்யாண வீட்டுக்கும் ஒரு வேலை ஞாபகம் வரும். அப்படித்தான் அவளுடைய கூறைச் சேலையை எடுத்துவர ரொறொன்ரோவிலிருந்து ஆரணிக்குப் புறப்பட்டேன். கூறை என்பது எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் முகூர்த்தப் பட்டுக்குச் சொல்லும் பெயர். கைபேசியிலேயே கரை பார்த்து, சரிகை பார்த்து, அரக்கு நிறம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து அவள் நெய்யக் கொடுத்திருந்தாள்.

சூட்கேசோடு என் ட்ரம்பெட் பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். கூறை எடுக்கப் போகிறவனுக்கு இந்தக் குழல் எதற்கு என்று அம்மா கேட்டார். அது இல்லாமல் நான் எங்கேயும் போனதில்லை.

பதின்மூன்று வயதில் கனடாவுக்குப் போனவன் நான். பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்தால் சிரித்தார்கள். திறக்காவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று தனி வகுப்பில் போட்டார்கள். வாத்தியக்குழு அறையில் மட்டும்தான் என் வாயை வேறு விதமாகப் பார்த்தார்கள். ஊதினேன், சத்தம் வந்தது. சத்தம் வந்ததால் உட்கார ஒரு கதிரை கிடைத்தது. பிறகு ஆங்கிலமும் வந்தது, வேலையும் வந்து போனது. ஆனால் அந்தக் குளிர் நாட்டில் எனக்கென்று இருந்த இடம் அந்தக் கதிரை ஒன்றுதான்.

அதை விட்டு எழுந்தால், நீ உண்மையில் எந்த ஊர் என்று கேட்காத ஆள் இல்லை. தமிழ் பேசும் ஊரிலாவது அந்தக் கேள்வி இருக்காது என்று நம்பி விமானம் ஏறினேன். அவ்வளவு புத்திசாலி நான்.

அந்த நம்பிக்கை ஆரணி பஸ்ஸிலேயே போய்விட்டது. டிக்கெட் கேட்க வாயைத் திறந்ததும் கண்டக்டர் கேரளாவா என்று கேட்டார். தமிழ்தான் பேசுகிறேன் என்றேன். அதையும் மலையாளம் என்றே எடுத்துக்கொண்டார். பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு அம்மாள், இது சிலோன் பாஷை என்று எனக்காக வாதாடினார். இரண்டு பேரும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு நான் யார் என்று வெகுநேரம் பேசினார்கள். என்னைக் கேட்கவேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

கண்ணமங்கலம் தாண்டி டயர் வெடித்தது. எல்லோரும் ஏற்கனவே பேசிவைத்தவர்கள் மாதிரி இறங்கிப் புளியமரத்து நிழலில் நின்றார்கள். யாரும் டிரைவரைத் திட்டவில்லை. ரொறொன்ரோவில் பஸ் கொஞ்சம் பிந்தினாலே முகங்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். திரும்பி ஏறியபோது, இன்ஜின் பெட்டி மேல் நான் வைத்திருந்த ட்ரம்பெட் பெட்டியின் மேல் ஒரு மூட்டை கீரை உட்கார்ந்திருந்தது. ஆரணி வரை அது அங்கிருந்து அசையவில்லை.

மறுநாள் காலை பொங்கலும் வடையும் தின்றேன். ரொறொன்ரோவில் எங்கள் ஆட்களின் கடையில் அதே பெயரில் விற்கும் பண்டத்துக்கும் இதற்கும் ஒரு சொந்தமும் கிடையாது. அந்த நல்ல மனநிலையோடு ஏகாம்பரத்தின் பட்டுக்கடைக்குப் போனேன். அக்காவின் சேலையை நெய்யக் கொடுத்தது அவரிடம்தான். வீடுகளில் இருக்கும் தறிகளுக்கு நூலும் வேலையும் கொடுத்து நெய்து வாங்குபவர். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். "நம்ம தம்பி, கனடா தம்பி" என்று கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். காபி வந்தது. சேலை வரவில்லை.

சேலை எங்கே என்று கேட்டேன். தறியில் இருக்கிறது என்றார். நம்பாத முகத்தை வைத்துக்கொண்டேன். ஸ்கூட்டரில் ஏற்றிப் பக்கத்து ஊரான முள்ளிப்பட்டுக்கே கூட்டிப்போய்க் காட்டினார்.

அங்கே ஒரு ஓட்டு வீட்டின் முன் அறை முழுவதும் தறியே இருந்தது. கஸ்தூரி என்கிற பெண் குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருந்தார். அரக்குப் பட்டு பளபளத்தது. கைபேசியை எடுத்து அக்காவுக்குப் படம் அனுப்பப் போனேன். கஸ்தூரி சிரித்துவிட்டார்.

"அது உங்க அக்காளுது இல்ல தம்பி. மொதலாளி பொண்ணுது. ரெண்டுக்கும் ஒரே பாவுதான். மொதல்ல இத நெய்து அறுத்து எட்த்தாதான் அடுத்தது உங்களுது வரும். நடுவுல பூர முடியாது."

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் இழைகள். ஒரு பாவில் ஒன்றன்பின் ஒன்றாகச் சில சேலைகள் நெய்யலாம். ஏகாம்பரத்தின் மகளுக்கும் அந்த வாரமே கல்யாணம். அவளும் அரக்குதான் கேட்டிருக்கிறாள். அதனால் அவளுடையது முன்னால் போய்விட்டது. ஏகாம்பரம் கொஞ்சம் நெளிந்தார். பிறகு என் தோளில் கைபோட்டு, "தப்பா எட்த்துக்காதீங்க தம்பி. கல்யாணத்துக்கு நீங்களும் இருங்க. நம்ம வூட்டு ஆளு மாதிரி மொத பந்தியிலயே உக்கார்றீங்க" என்றார். யார் எதற்குப் பின்னால் என்பதில் அந்த ஊர் எவ்வளவு கண்டிப்பு என்று தறியைப் பார்த்தே நான் புரிந்துகொண்டிருக்கவேண்டும். எனக்குப் புரிந்ததெல்லாம் இன்னும் சில நாள் லாட்ஜில் கிடக்கவேண்டும் என்பதுதான்.

லாட்ஜில் மின்விசிறியும் தூங்கவிடாது, வெளியே விசைத்தறியும் தூங்கவிடாது. பத்திரிகை படித்தேன். தெரு தெருவாக நடந்தேன். டீ வாங்கிய இடத்தில் எல்லாம் எந்த ஊர் என்று கேட்டார்கள். சொன்ன பிறகும் அடங்காமல், அங்கே நீங்கள் என்ன ஆட்கள் என்று இன்னொரு கேள்வி வந்தது. கனடாவில் அந்த இரண்டாவது கேள்வி இல்லை. அதை ஒரு குறையாக நான் எண்ணியதும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்தில் ட்ரம்பெட் கேட்டது. அது யாரோ மூச்சுப் போதாமல் மேல் சுரத்தில் வழுக்கி வழுக்கி விழும் சத்தம். அந்தச் சத்தத்தில் நானும் வருஷக்கணக்கில் விழுந்திருக்கிறேன், அதனால் கால் தானாகப் போனது. ஷட்டர் போட்ட சின்னக் கடை. சுவரில் சிவப்புக் கோட்டுகள் தொங்கின. தரையில் டிரம்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கும் பேண்டு செட்டு அது. கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அதன் தலைவர் ஞானராஜ், ஐம்பதை ஒட்டிய வயது. ட்ரம்பெட்காரருக்குக் காய்ச்சல் என்றும், செட்டில் இன்னொருவர் வாய் பழகிப் பார்க்கிறார் என்றும், ஏகாம்பரம் வீட்டு ஊர்வலம் மறுநாள் சாயங்காலம் என்றும் கேட்காமலே சொன்னார். நானும் ட்ரம்பெட்தான் ஊதுவேன் என்றேன்.

எல்லோரும் கேட்கும் கேள்வியை எதிர்பார்த்து நின்றேன். அவர் கேட்டது வேறு.

"ஹை நோட்டு ஏறுமா?"

ஏறும் என்றேன்.

"ஏத்து பாக்கலாம்."

லாட்ஜுக்கு ஓடிப்போய் எடுத்து வந்து ஏற்றினேன். அவர் கிளாரினெட்டை வாயில் வைத்து என்னோடு சேர்ந்துகொண்டார். அவ்வளவுதான் பரீட்சை. பழைய சினிமாப் பாட்டு ஒன்று, ரொறொன்ரோவில் எங்கள் கல்யாணங்களிலும் போடுகிற பாட்டு. எங்கே இழுக்கவேண்டும், எங்கே மூச்சு விடவேண்டும் என்று அவர் புருவத்தாலேயே சொன்னார். சாயங்காலம் பரோட்டாப் பொட்டலத்தை டிரம் மேல் பிரித்து வைத்து எல்லோரும் அதிலேயே பிய்த்துத் தின்றோம். தான் சிறுவயதில் சர்ச்சில் ஊதிப் பழகியதாக ஞானராஜ் தன் கதையைச் சொன்னார். நான் பள்ளிக்கூட வாத்தியக்குழு அறைக் கதிரையைப் பற்றிச் சொன்னேன். என் பேச்சு அவர்களுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அதற்காக யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, மிளகாயைச் சாக்குச் சொன்னேன்.

மறுநாள் காலை மறுபடியும் ஒத்திகை. "நீ நம்ம செட்டுடா தம்பி" என்று ஞானராஜ் சுவரிலிருந்து ஒரு கோட்டை இறக்கி எனக்கு மாட்டிவிட்டார். கை குட்டை. பொன் நூல் அங்கங்கே பிரிந்திருந்தது. பாச்சை உருண்டையும் பல பேருடைய வியர்வையும் சேர்ந்து மணத்தது. தலையில் தொப்பியும் வைத்தார். கண்ணாடியில் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் எந்த ஊர் உடுப்பும் எனக்கு அவ்வளவு பொருந்தியதில்லை.

சாயங்காலம் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். ஜெனரேட்டர் வண்டி பின்னால் உறுமிக்கொண்டு வந்தது. நாங்கள் இரண்டு வரிசையாக முன்னால் நடந்தோம். பையன்கள் ஆடினார்கள், பெண்கள் மாடிகளில் எட்டிப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் ஒருவருக்கும் நான் எந்த ஊர் என்பது தேவைப்படவில்லை. எல்லோருக்கும் சத்தம்தான் வேண்டியிருந்தது, அதை நான் கொடுத்தேன். ஏகாம்பரம் பட்டு வேட்டியோடு என் பக்கத்திலேயே ஒரு தெரு நீளத்துக்கு நடந்தார். "ஜல்தி ஜல்தி, நடந்துகினே ஊதுங்கப்பா" என்று என் முகத்தைப் பார்த்தே விரட்டினார். தொப்பிக்குக் கீழே இருந்தது கனடா தம்பி என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. சாப்பிடும்போது சொல்லிச் சிரிக்கலாம் என்று வைத்துக்கொண்டேன்.

மண்டப வாசலில் ஆரத்தி எடுத்துப் பெண்ணை உள்ளே அழைத்தார்கள். நாங்கள் நிறுத்தினோம். எனக்கு நல்ல பசி. முதல் பந்தியில் உட்காரவேண்டும் என்று ஏகாம்பரம் சொன்னது ஞாபகம் வந்தது. ட்ரம்பெட்டை டிரம் பக்கத்தில் வைத்துவிட்டு, கூட்டம் போன பக்கமே நானும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். எங்கள் கல்யாணங்களில் தட்டை எடுத்துக்கொண்டு யாரும் எப்போதும் வரிசையில் நிற்கலாம். நான் பழகியது அதுதான், அதனால் கோட்டைப் பற்றி எனக்கு யோசனையே வரவில்லை.

வாசலில் நின்றவர் ஏகாம்பரத்தின் மச்சான் என்று பிறகு தெரிந்தது. உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்து நிறுத்தினார்.

"பேண்டுக்குக் கடேசி பந்தி. வெளிய நில்லு."

ஏகாம்பரம்தான் என்னை முதல் பந்திக்கு வரச் சொன்னார் என்றேன். அவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, பின்னால் திரும்பி, கேரளா செட்டையா கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று யாரையோ விசாரித்தார். வரிசையில் இருந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு பெரியவர் தன் சட்டை என் மேல் படாமல் ஒதுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். கனடாவில் பனி நாட்களில் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வருவது எனக்குப் பழக்கம். இது எனக்குப் புதிது. என் மொழியில் யாரும் எனக்கு இதைச் செய்ததில்லை.

அதற்குள் ஏகாம்பரம் வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றினேன். அவர் முகத்தில் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"என்னா தம்பி இது, வெளையாட்டு. அந்த கோட்டு கீட்டெல்லாம் கழட்டிட்டு வாங்க. எல போட்டுகினு இருக்காங்க."

மற்றவர்களையும் கூப்பிடுங்கள், அவர்களுக்கும் பசிதான் என்றேன்.

"அவங்களுக்கு இல்லன்னு யாரு சொன்னா? உண்டு, கடேசில. மொறைன்னு ஒன்னு இருக்குதில்ல தம்பி."

அப்படியென்றால் நானும் கடைசியில் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மிகவும் நன்றாகச் செய்துவிட்டதாகவே நினைத்தேன். காது சுட்டது, ஆனால் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

ஜெனரேட்டர் பக்கத்தில் எங்கள் செட்டு குந்தியிருந்தது. கூடத்து வாசலில் நடந்தது அங்கிருந்து பார்த்தாலே தெரியும். ஞானராஜ் எழுந்து வந்தார். தட்டிக்கொடுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் என் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். பிறகு அடுத்ததை.

"கோட்ட குடு. காலைல முகூர்த்தமும் நம்ளுதுதான். அவரு மூஞ்சி மாறிச்சின்னா உனுக்கு ஒன்னுமில்ல, எனுக்குத்தான் பேஜாரு. நீ பிளேன் ஏறிப் போய்டுவ. நான் இதே ரோட்டுலதான் ஊதிகினு இருக்கணும்."

"நானும் உங்கட ஆள்தானே அண்ணை" என்றேன்.

"ஊதறப்ப நம்ம ஆளுதான்" என்றார். "இப்ப ஊதல இல்ல."

கடைசிப் பொத்தான் இறுகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் கழற்றினார். கோட்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, போ என்று கண்ணால் காட்டினார். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வியர்வையில் ஒட்டிய பனியனோடு நின்றேன். யாரோ என் சட்டையை நீட்டினார்கள், போட்டுக்கொண்டேன்.

உள்ளே முதல் பந்தியில் எனக்கு இலை இருந்தது. பக்கத்து ஆளை நகர்த்தி ஏகாம்பரமே உட்காரவைத்தார். பாதாம் அல்வாவைத் தன் கையாலேயே வைத்தார். மச்சான் தண்ணீர் ஊற்றி, நீங்க வாங்க என்று மரியாதையாகப் பேசி, மன்னிப்பும் கேட்டார். அல்வா மிக நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததற்காக எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது, ஆனாலும் முழுவதும் தின்றேன். விருந்தாளிகளுக்காக வெளியே பேண்டு மறுபடியும் ஆரம்பித்தது. அந்தப் பழைய பாட்டுத்தான். மேல் சுரம் வரவேண்டிய இடத்தில் ஒருவரும் ஏறவில்லை. கிளாரினெட் மட்டும் கீழேயே சுற்றிக்கொண்டு வந்தது.

காலையில் முகூர்த்தத்துக்குப் போனேன். மணப்பெண்ணின் சேலை, நான் தறியில் பார்த்து ஏமாந்த சேலை. செட்டு மேடைக்குக் கீழே ஒரு மூலையில் நின்றது. தாலி கட்டும் நேரம் அடித்து முடித்ததும் ஞானராஜ் என்னைக் கண்டார். என் ட்ரம்பெட் பெட்டியைத் துடைத்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "நைட்டு நல்லா சாப்ட்டீங்களா சார்?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, அப்படிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையான மரியாதையோடு சொன்னார். ஒரு ராத்திரியில் நான் தம்பியிலிருந்து சார் ஆகிவிட்டேன்.

கஸ்தூரி சொன்னபடியே அக்காவின் சேலையை முடித்துக் கொடுத்தார். அதைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ரொறொன்ரோ வந்து சேர்ந்தேன். அக்கா விரித்துப் பார்த்து, சரியான அரக்கு என்றாள். பயணம் எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள். அந்த மச்சான் கதையைச் சொன்னேன். இந்தியாவில் இன்னும் இப்படியா என்று எங்கள் வீட்டில் அத்தனை பேரும் வருத்தப்பட்டார்கள். அம்மா, இது என்ன காலத்து வழக்கம் என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அக்காவின் கல்யாணம் பெரிய மண்டபத்தில் நடந்தது. கதிரைகளுக்குக்கூடப் பட்டுத் துணி கட்டியிருந்தார்கள். நாதஸ்வரமும் தவிலும் ஊரிலிருந்து வந்து இங்கே குடியேறிய இரண்டு பேர். தாலி கட்டும் நேரம் அவர்கள் வாசித்ததில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாப்பாடு தொடங்கியபோது அவர்களைத் தேடினேன். வரிசையிலும் இல்லை, மேசைகளிலும் இல்லை. இத்தனை வருஷமாக எத்தனையோ கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேன், மேளக்காரர் சாப்பிட்டு நான் ஒருநாளும் கண்டதில்லை. கண்டதில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மாவிடம் கேட்டேன். கலியாண அலுப்பில் என்னைத் திரும்பியும் பார்க்காமல் சொன்னார்.

"அவைக்குப் பெட்டியில போட்டுக் குடுத்தாச்சு. பின்னுக்கு இருந்து சாப்பிடுவினம். உனக்கு இப்ப ஏன் அது?"

சமையலறைக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவே ஒரு நடை. அங்கே நாதஸ்வரக்காரர் தவில் பெட்டியின் மேல் உட்கார்ந்து அலுமினியப் பெட்டியிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தவில்காரர் வெளியே புகைக்கப் போயிருந்தார். நான் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நானும் ஊதுகிறவன்தான் என்று சொல்ல நினைத்தேன்.

அவர் அவசரமாக எழும்பினார். கையை வேட்டியில் துடைத்தார்.

"என்ன தம்பி, ஏதும் குறையோ?"

ஒரு குறையும் இல்லை, இருந்து சாப்பிடுங்கோ என்றேன். சரி தம்பி, சரி தம்பி என்றார், உட்காரவில்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்வரை, பாதிச் சாப்பாட்டோடு அந்த அலுமினியப் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார்.